ஆயிரம் பெண்மக்களின் அன்னை

பெற்றாரையும் பிறந்த மண்ணையும் பிரிந்து பிறநாடு செல்வோர் எக்காலத்தும் உளர். பொருள் தேடிச் செல்வோர் ஒரு சாரார். கல்வி நாடிச் செல்வோர் இன்னொரு சாரார். உயிருக்கு அஞ்சிச் செல்வோரும் உளர். இவர்கள் யாவரும், என்றோ ஒருநாள் வீடு திரும்பலாம் என்னும் எண்ணத்தையும் மூட்டை முடிச்சுகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே புறப்படுகின்றனர். அவ்வெண்ணம் இல்லையேல் பிரிவைத் தாங்குதல் அரிது.

திரும்பும் எண்ணத்தையே கைவிட்டுப் புறப்பட்டோரும் சிலர் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த கிறிஸ்தவ மிஷனரிமார் பலர் அத்தகையோர். அவர்களுள் எலைசா அக்னியூ அம்மையாரின் வரலாறு தனித்துச் சொல்லத்தக்கது. 1840 ஆம் ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய அம்மையார், 1883 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இங்கேயே கண்மூடினார். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாயகம் சென்றாரல்லர். மணம் செய்தாரல்லர், மக்களைப் பெற்றாருமல்லர். ஆயினும் 'ஆயிரம் பெண்மக்களின் அன்னை' என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது.

குடும்பப் பாசம் குறைந்த ஒருவருக்கே இத்தகைய வாழ்வு கைகூடும் என்று நினைத்தல் எளிது. அம்மையாரின் வரலாறோ அதற்கு மாறானதொன்றையே காட்டுகின்றது.

எலைசா 1807 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்தவர். அவருக்கு எட்டு வயதாயிருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பூமிசாத்திர பாடம் நடந்தது. ஆசிரியர் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் இந்து சமுத்திரத்தின் நடுவே கிடந்த சிறு தீவு ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அக்காலத்தில் பிரான்சுத் தீவு என்று வழங்கிய அதுவே இக்கால மொரீசியஸ். ஹரியற் நியூவெல் என்னும் இளம்பெண்ணின் கல்லறை அத்தீவில் இருக்கின்றது என்று சொல்லி, அப்பெண்ணின் கதையையும் ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துரைத்தார்.

அக்கதை துயரம் நிறைந்தது. அமெரிக்காவிலிருந்து கீழ்த்திசைக்கு முதன்முதலாக 1812 ஆம் ஆண்டிற் புறப்பட்ட மிஷனரிமாருள் சாமுவேல் நியூவெல் என்பாரும் அவர் மனைவி ஹரியற்றும் இருந்தனர். கல்கத்தாவை அடைந்த அவர்களுக்கு அங்கே தங்க இடந்தரக் கிழக்கிந்தியக் கம்பெனி மறுத்துவிட்டது. வேறிடம் தேடிக் கப்பலேறிய வழியில் ஹரியற் ஒரு குழந்தையைப் பெற்றார். கடலிலேயே குழந்தை இறந்தது. பிரான்சுத் தீவை அடைந்த பின் தாயும் நோயுற்று அவ்வாண்டு நவம்பரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 19. அவர் நடத்திய பள்ளிக்கூடமும் இல்லை. கற்பித்த பிள்ளையும் இல்லை. மனைவியையும் மகவையும் இழந்த சாமுவேல் நியூவெல் தனியராய் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவிற்போலன்றி இங்கே ஆங்கில அரசாங்கம் மிஷனரிமாரைத் தடுக்கவில்லை என்பதை அவர் தம் நாட்டவர்க்கு அறிவித்தார். அதன் பயனாகவே 1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது.

படத்தில் ஒரு புள்ளியாய்த் தோன்றிய அக்கல்லறைத் தீவு எட்டு வயதுச் சிறுமியின் உள்ளத்திற் பதிந்துவிட்டது. கடவுளுக்குச் சித்தமாயின், வளர்ந்தபின் தானும் அவ்வாறே கடல் கடந்து பணிசெய்யப் போவதென்று அவள் அன்றே தீர்மானித்தாள்.

சிறுவயதிற் செய்யும் தீர்மானங்கள் பெரும்பாலும் மாரிக்காலத்து ஈசல் போல்வன. மறுநாள் அவற்றின் சிறகுகூட மிஞ்சுவதில்லை. எலைசாவின் தீர்மானமோ நிலைத்தது. ஆனால் அதனை நிறைவேற்ற அவர் அவசரப்படவில்லை. அவருடைய பராமரிப்பை வேண்டிய நெருங்கிய உறவினர் வீட்டில் இருந்தனர். அவர்களை விட்டுவிட்டுக் கடவுளின் பணிக்கென்று கப்பலேறுதல் அவருக்கு ஒவ்வாததாயிற்று. இளமை முழுவதையும் வீட்டிற் கழித்து, அன்புக்குரியோர் ஒவ்வொருவராய் மறைந்து, அவர்கட்குச் செய்யவேண்டிய கடன் எதுவும் எஞ்சாத நிலை வந்த பின்னரே அவர் தம்மை மிஷன் சபையாரிடம் ஒப்புவித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. ஒரு நேர்த்தியை மனத்தில் வைத்து இருபது ஆண்டுக்கு மேல் காத்திருப்பதற்கு, கப்பலேறுதற்கு வேண்டிய துணிவினும் மிக்க துணிவு வேண்டும். வீட்டிற் கிடந்த நோயாளரின் படுக்கையண்டையிலே அவருடைய நம்பிக்கை பழுதுபடவில்லை. அங்கேதான் அது பழுத்தது.

1839 ஆம் ஆண்டு யூலை மாத முடிவில் மணமாகாத வேறு இரு பெண்களோடு அவர் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டார். சுயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த பாய்க்கப்பலில் ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, அடுத்த ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். உடுவிலில் இருந்த பெண்கள் விடுதிப் பாடசாலை அவர் பொறுப்பிற்கு வந்தது.

அப்பாடசாலைக்கு அப்போது வயது பதினாறு. 1824 ஆம் ஆண்டில் அதனைத் தொடக்கியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். தமிழ் அகராதியாற் புகழ்பெற்ற மைரன் வின்ஸ்லோவின் மனைவியார் அவர். பெண்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அரிதாயிருந்த காலம். பெண்ணுக்குப் படிப்பிப்பதும் பசுவுக்குப் படிப்பிப்பதும் ஒன்றே என்று ஊரவர் நகைத்தனர். தையல் பழகும் ஆசையால் மிஷன் வீட்டு விறாந்தைக்கு வந்துபோன இரு சிறுமியர், ஒருநாள் பெருமழையில் வீடுதிரும்ப முடியாமல் அங்கேயே உண்டு உறங்கினர் என்றும், அந்த இரவே விடுதிப் பாடசாலைக்குக் கால்கோளாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக உணவும் உடையும் மிஷனே கொடுத்தது. படிப்பை முடித்து மணம் செய்யும் பெண்களுக்குச் சிறிது சீதனமும் கொடுத்தது. யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாரின் மனத்தை அறிந்தவர்களே அவ்வாறு செய்திருத்தல் கூடும்.

மிஷன் குடும்பங்கள் இம்மண்ணிற் பட்ட துன்பத்துக்கு வின்ஸ்லோ குடும்பம் ஒரு சான்று. இங்கே பிறந்த தம் மக்களைக் கல்வியின் பொருட்டும் உடல்நலத்தின் பொருட்டும் இளவயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது அவர்களிடையே வழக்கமாயிருந்தது. பெற்றார் இங்கே, பிள்ளைகள் அங்கே. கடிதம் போய்ச்சேர ஆறு மாதம். மறுமொழி வர மேலும் ஆறு மாதம். வின்ஸ்லோ தம்பதியர் தம் மூத்த மகன் சார்ள்ஸை அவ்வாறு அனுப்பிவைத்தனர். பன்னிரண்டு வயது நிரம்பாத அச்சிறுவன் 1832 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இறந்தான். 1833 ஆம் ஆண்டு சனவரியில் தாயும் உடுவிலில் இறந்தார். அவருடைய தங்கையர் சிலரும் பின்னர் மிஷன் பணிக்கெனக் கீழ்த்திசைக்கு வந்தனர். அவருடைய மகளொருத்தி மிஷனரி ஒருவரை மணந்து சென்னையில் வாழ்ந்தார். 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் அரசுச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் அம்மகள் வழிப் பேரனாவார். இவ்வாறு ஹரியற்றின் குடிவழி தலைமுறை தலைமுறையாய்த் தழைத்தது.

ஹரியற்றின் பின்னர்ப் பாடசாலையைப் பேணியவர்கள் லீவை ஸ்போல்டிங் என்பாரும் அவர் மனைவி மேரி அம்மையாரும் ஆவர். 1819 ஆம் ஆண்டில் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்ட இத்தம்பதியர் அரை நூற்றாண்டுக்கு மேல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தனர். இடையே ஒருமுறை மட்டும் ஊர் போய்த் திரும்பினர். ஜோன் பன்யனின் புகழ்பெற்ற யாத்திரைக் கதையைத் தமிழிற் பெயர்த்தவரும், ஆங்கில தமிழ் அகராதி ஒன்றைச் செய்தவரும் ஸ்போல்டிங்கே. 1873 ஆம் ஆண்டில் அவர் உடுவிலில் இறந்தார். அடுத்த ஆண்டு மனைவியாரும் இறந்தார். எலைசா அம்மையார் 33 ஆண்டுகள் இம்முதியோரின் அயலில் வாழ்ந்தார். தாயகத்தில் உறவென்று பெரிதும் எஞ்சாத அவருக்கு அவர்களே மூத்த உறவினர் போலாயினர் எனின் மிகையாகாது.

எலைசா அம்மையார் செய்த பணியை விளக்கப் பெரிய நிகழ்ச்சிகள் இல்லை. விடுதிப் பாடசாலை ஆசிரியையின் வாழ்வு எங்கும் ஒன்றுபோன்றதே. விடியுமுன் எழுதல், பிள்ளைகளை எழுப்புதல், செபம், பாடம், தையல், காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகே இரவு விழித்திருத்தல். வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம் என்பவற்றோடு பூமிசாத்திரமும் உடுவிற் பாடங்களுள் ஒன்றாயிருந்தது. உலகப் படத்தில் ஒரு புள்ளியைக் கண்டு வாழ்வின் போக்கு மாறிய ஒருவரின் பாடசாலையிலே, யாழ்ப்பாணத்துச் சிறுமியர் வாழ்நாளில் முதன்முறையாக உலகப் படத்தைக் கண்டனர். தம் ஊர்ப் படலைக்கு அப்பாற் போயறியாத பெண்களுக்கு அஃது எத்தகைய காட்சியாய் இருந்திருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவரிடம் விளங்கிய சிறப்பு ஒன்று உண்டு. படித்து முடித்து மணமாகிப் போன பெண்ணை அவர் இழந்துவிடவில்லை. விடுமுறைக் காலங்களில் பழைய மாணவியரின் ஊர்களுக்குச் சென்று, அவர்கள் வீட்டிலிருந்து, அயற்பெண்களோடு அளவளாவி வருவது அவர் வழக்கமாயிற்று. இன்ன பெண்ணுக்கு இன்ன பிள்ளை, இன்ன வீட்டில் இன்ன குறை என்பவற்றை அவர் அறிந்திருந்தார். பிறந்தவீட்டிலிருந்து தாய் மகளைப் பார்க்க வருவது போலவே அவ்வருகை அமைந்தது. அப்பெண்களின் புதல்வியர் வளர்ந்து உடுவிலுக்கு வந்தனர். அப்புதல்வியரின் புதல்வியரும் வந்தனர். தாய், மகள், பேர்த்தி என்னும் மூன்று தலைமுறையினர்க்கும் எழுத்தறிவித்த ஆசிரியர் உலகிற் பலர் இரார். அவரிடம் கற்றவர் தொகை ஆயிரத்துக்கு மேற்பட்டது.

நீண்டகாலம் உழைத்த மிஷனரிமார் இளைப்பாறும் பொருட்டுத் தாயகம் சென்று வருவது வழக்கம். அம்மையாரையும் நண்பர்கள் அவ்வாறு அழைத்தனர். தமக்கு அதற்கு நேரமில்லை, வேலை மிகுதியாயிருக்கின்றது என்பதே அவர் சொல்லிவந்த மறுமொழி. அதனை விளையாட்டாகக் கொள்வாரும் இருக்கலாம். ஆனால் தான் ஒரு பருவம் வீட்டில் இல்லாவிடின் வீடு என்னாகும் என்று கவலைப்படும் நமது நாட்டுத் தாய்மார் சொல்லும் மறுமொழியும் அதுவேயன்றோ?

வரலாறு கூறுவோர் ஒரு பக்கத்தை மட்டும் கூறுதல் முறையன்று. அம்மையாரிடம் கற்ற ஆயிரவருள் அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் கிறிஸ்தவத்தைத் தழுவினர் என்பது மிஷனின் கணக்கு. மிஷனார்க்கு அது மகிழ்ச்சி. ஆயின், பரம்பரை பரம்பரையாய்ச் சைவம் பேணிய வீடுகளில் அது பல பெற்றாரின் நெஞ்சைப் புண்படுத்திய செய்தியுமாகும். மகள் எழுத்தறிந்து வந்தாள் என்று மகிழ்வதா, குலதெய்வத்தின் முன் கைகூப்ப மறுக்கின்றாள் என்று அழுவதா என்று கலங்கிய தாய்மாரும் அக்காலத்தில் இருந்திருப்பர். அந்த நோவிலிருந்தும் நன்மை பிறந்தது. ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1913 ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியை மருதனார்மடத்தில் அமைத்தார். அது உடுவிலுக்கு அணித்தாய இடம். இரு வழியாலும் பெண்கள் கற்றனர். இன்று இரு கல்லூரிகளின் பழைய மாணவியரும் ஒரே வீதியில், ஒரே பேருந்தில், ஒரே அலுவலகத்திற் சந்தித்துக்கொள்கின்றனர்.

1879 ஆம் ஆண்டளவில் அம்மையாரின் உடல் தளர்ந்தது. பாடசாலைப் பொறுப்பை விட்டார். யாழ்ப்பாணத்துக்கு வந்து முழுப்பணி செய்து மூப்படைந்தோர் முன்னே அப்போது இரு வழிகள் இருந்தன. மானிப்பாயில் தமிழ் மொழியிலே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1873 ஆம் ஆண்டிற் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பியிருந்தார். அங்கிருந்தவாறும் தமிழ் மருத்துவ நூல் வேலையைத் தொடர்ந்து செய்து 1884 ஆம் ஆண்டில் மறைந்தார். மனைவி மக்களோடு வாழ்ந்தவருக்கு அதுவே தக்க வழி. அவரையும் குறைகூற இடமில்லை. உடல் ஊரில் இருக்க உள்ளம் மானிப்பாயில் இருந்தது.

எலைசா அம்மையார்க்கு ஊரில் யார் இருந்தனர்? நாற்பது ஆண்டுக்கு முன் அவர் விட்டுவந்த நியூயோர்க் நகரும் அப்போது இல்லை. அது வளர்ந்து வேறொரு நகராகிவிட்டது. அவரை அறிந்த முகங்கள் உடுவிலிலும் மானிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலுமே இருந்தன. ஆகவே அவர் இங்கேயே தங்கினார். புதிதாய் வந்த லீச் சகோதரியர் இருவரும் மானிப்பாயில் தம்மோடு அவரை வைத்துப் பேணினர். இளமையில் தம் வீட்டு முதியோரைப் பராமரித்த அவரை, முதுமையில், இரத்த உறவற்ற இரு பெண்கள் உடன்பிறந்தார் போலிருந்து பராமரித்தனர். பழைய மாணவியரும் அவரைக் கண்டு செல்லப் பிள்ளை குட்டிகளோடு வந்தனர்.

1883 ஆம் ஆண்டு நோய் முற்றியது. நோவு மிகுந்திருந்த வேளையில், செபம் செய்யலாமா என்று பக்கத்திலிருந்தோர் வினவினர். அம்மையார் தாமே வாய்திறந்து வேண்டத் தொடங்கினார். உடன் ஊழியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சொல்லி வேண்டினார். தம் பெண்களுக்காக வேண்டினார். தமக்காக, தம் நோவு தீர்வதற்காக, ஒன்றும் கேட்டாரல்லர் என்று அருகிருந்தோர் எழுதி வைத்தனர். நமது வீடுகளிலும் மூத்த தாய் ஒருத்தி கடைசிக் காலத்தில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பெயர் பெயராய் அழைத்துப் பார்ப்பதுண்டு. அம்மையாரும் அவ்வாறே அழைத்தார். அழைத்த பெயர்கள்தாம் மிகப் பல.

இன்று யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் உலகெங்கும் சிதறியுள்ளன. பிள்ளைகள் கடலுக்கு அப்பால் இருக்க, முதியோர் இங்கே தனித்திருக்கும் வீடுகள் எத்தனையோ. கடமை எது, கனவு எது, முன் செய்யவேண்டியது எது, பின் செய்யவேண்டியது எது என்னும் வினா பல வீடுகளிற் கண்ணீரோடு எழுகின்றது. எல்லார்க்கும் பொருந்தும் விடை ஒன்று இல்லை. ஆயினும் எலைசா அம்மையாரின் வாழ்வு ஒன்றைத் தெளிவாய்க் காட்டுகின்றது. வீட்டிலிருந்தோரைக் கைவிட்டு அவர் உலகத்துக்குத் தாயாகவில்லை. வீட்டிலிருந்தோர்க்குச் செய்யவேண்டியதை முழுதும் செய்து பழகிய கைகளே பின்னர் அயல்நாட்டுப் பிள்ளைகளின் தலையை வாரிவிட்டன. உற்றாரைப் பேணக் கற்றவர்க்கே ஊராரைப் பேணுதலும் எளிதாகின்றது.

உடுவில் மகளிர் கல்லூரி 2024 ஆம் ஆண்டில் இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. அங்கே படித்த பாட்டிமார் பலர் தம் பேர்த்தியர்க்கு முதலெழுத்தைத் தம் மடியில் வைத்தே சொல்லிக்கொடுத்தனர். அப்பாட்டிமார்க்கு எழுத்தறிவித்தவர் யார், அவர்க்கு முன் யார் என்று பின்னோக்கிச் சென்றால், நியூயோர்க் நகரத்துப் பள்ளிக்கூடமொன்றிலே பெயர் அறியப்படாத ஓர் ஆசிரியர் உலகப் படத்திற் கைவைத்து நின்ற இடத்திற் போய் அவ்வழி சேர்கின்றது. அன்றைய பாடத்தை எத்தனை பிள்ளைகள் கேட்டனரோ, அறியோம். ஒரு பிள்ளை மறவாதிருந்தாள்.